நேராக வெளியே போய்விடலாம்

முப்பத்தைந்தடி நீள வீட்டு டிரெய்லரை வெண்டல் ஃப்ரிட்ஸ் பெல்வர் ஊரின் ஒரே கடைத்தெருவில் கொண்டுபோய் நிறுத்தியபோது, அது காபிக் கடை, மருந்துக் கடை, வங்கி ஆகிய மூன்றின் வாசலையும் அடைத்துக்கொண்டது. வங்கிக்குள் திடீரென்று இருட்டிவிட்டதால் காசாளர் பெண் எழுந்து விளக்கைப் போட்டாள்.

"பத்தே நிமிஷம்," என்றார் வெண்டல், பிக்கப் வண்டியின் இன்ஜினை அணைத்தபடி. "செர்ரிப் பழம் வெச்சுச் சுட்ட பை வாங்குறோம், கிளம்புறோம்."

"பத்து நிமிஷத்துக்கு மூணு கடையை மூடணுமா?" என்றாள் லோரெட்டா.

"உனக்குத்தானே பை வேணும்னு சொன்னே?"

"பைதான் கேட்டேன். தெருவைக் கேட்கலை."

வெண்டல் ஒஹையோவில் நாற்பத்தொரு வருடம் பிளம்பராக இருந்தவர். சென்ற வசந்தத்தில் ஓய்வு பெற்றார். வீட்டை விற்றார். விற்ற கையோடு இந்த டிரெய்லரை வாங்கினார். இனிமேல் நிற்கிற இடமெல்லாம் நம் வீடுதான் என்று பெண்டாட்டியிடம் சொன்னார். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நிற்கிற இடம்தான் கிடைக்கவில்லை.

காரணம் மிகச் சாதாரணமானது. அவருக்கு டிரெய்லரைப் பின்னால் எடுக்க வராது. முன்னால் போவதென்றால் ராஜா மாதிரி போவார். பின்னால் எடுக்கும்போது ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பினால் வண்டியின் வால் வலப்பக்கம் போகும் என்பது அவருக்குத் தெரியும். அவருடைய கைகளுக்குத் தெரியாது. லோரெட்டா பின்னால் நின்று கையாட்டி உதவி செய்வாள். அவள் 'வா, வா' என்று ஆட்டுவதும் 'ஐயோ, நில்லு' என்று ஆட்டுவதும் கண்ணாடியில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இப்படித்தான் இந்தியானாவில் ஒரு கூடார மைதானத்தின் அலுவலக வாசல் பூச்செடிகளும், அவற்றை ஒட்டி நின்ற கொடிக்கம்பமும் போயின.

அன்று லோரெட்டா ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "இன்னொரு தடவை இது எங்கேயாவது மாட்டினா, நான் பஸ் ஏறி கொலம்பஸுக்குப் போயிடுவேன். மக வீட்டுல நிலவறையை நமக்காக ஒழிச்சு வெச்சிருக்கா."

வெண்டல் தன் தொழிலில் ஆயிரம் நிலவறைகளைப் பார்த்தவர். அங்கே என்னென்ன ஒழுகும் என்று அவருக்குத் தெரியும். அன்றிலிருந்து எண்ணூறு மைல், ஒரு தடவைகூடப் பின்னால் எடுக்காமல் வந்துவிட்டார். எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஒன்றே ஒன்றுதான் பார்ப்பார்: அந்தப் பக்கமாக நேரே வெளியே போக முடியுமா?

பை வாங்க இறங்குவதற்குள் ஊரின் ஒரே போலீஸ்காரர் லைல், கையில் காபிக் கோப்பையோடு வந்து சேர்ந்தார். நாற்பது வயது இருக்கும். சாவகாசமான முகம்.

"வாங்க பெரியவரே. ரொம்ப நீளமா வந்திருக்கீங்க."

"மன்னிக்கணும். பத்தே நிமிஷத்துல..."

"எனக்கு ஒண்ணுமில்லை. உங்க வாலு குறுக்குத்தெருவுக்குள்ள நீட்டிக்கிட்டிருக்கு. சோள லாரி திரும்பணும். அவன் ஹாரன் அடிக்கிறது கேட்குதா?"

"ஐயோ, எங்களைத்தான் திட்டுறானா?"

"இல்லை, வங்கிக்குள்ள இருக்கிற பொண்டாட்டியைக் கூப்பிடுறான். ஆனா, திரும்பவும் வேணும்ல?" லைல் மேற்குப் பக்கம் கையை நீட்டினார். "இப்படியே ஒரு மைல் போனீங்கன்னா, ஹைவே ஓரத்துல..." என்று தொடங்கியவர் பிக்கப்பின் கதவைப் பார்த்தார். அதில் பாதி அழிந்த எழுத்தில் 'ஃப்ரிட்ஸ் குழாய் வேலை' என்று இருந்தது. "நீங்க பிளம்பரா?"

"நாற்பத்தொரு வருஷம். இப்ப ஓய்வு."

"நல்ல தொழில்," என்றார் லைல். நீட்டிய கை அப்படியே கொஞ்ச நேரம் நின்று, பிறகு மெதுவாக இடப்பக்கம் திரும்பியது. "எதுக்கு அவ்வளவு தூரம் போறீங்க? வங்கியைத் தாண்டினதும் இடது கை. சர்ச் மைதானம். கடல் மாதிரி கிடக்கு."

"அந்தப் பக்கமா வெளியே வழி இருக்கா?"

"நேரா வெளியே போயிடலாம்."

சர்ச் மைதானம் உண்மையிலேயே நீளமாக இருந்தது, அகலம் மட்டும் கொஞ்சம் குறைவு. ஒரு வண்டிகூட இல்லை. வெண்டல் நிம்மதியாக உள்ளே விட்டார். வாசல் மரத்தின் கிளை ஒன்று தாழ்ந்திருந்ததை மட்டும் கவனிக்கவில்லை. 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. டிரெய்லர் கூரைமேல் இருந்த ஏசியின் மூடி கழன்று, லோரெட்டாவின் ஜன்னலை உரசிக்கொண்டு கீழே விழுந்தது.

இருவரும் அதைப் பார்த்தார்கள். 

மைதானத்தின் மறுகோடியில், வெளியே போகும் வழி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் பலகை வேலி இருந்தது. வேலிக்கு முன்னால் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி பெயிண்ட் பிரஷ்ஷோடு நின்றிருந்தாள்.

"அடடா, லைல் சொல்லலையா?" என்றாள் அவள். ஓபல் என்று பெயர் சொன்னாள். சர்ச் காரியங்களைப் பார்த்துக்கொள்கிறவள். "இந்த வழியை அடைச்சாச்சே! தொடாதீங்க, ஈரம் காயலை."

"எப்ப அடைச்சீங்க?"

"இப்பத்தான்."

வெண்டல் பின்னால் இருந்த வாசலைத் திரும்பிப் பார்த்தார். தாழ்ந்த கிளையைப் பார்த்தார். கடைசியில் லோரெட்டாவைப் பார்த்தார். லோரெட்டா எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பின்னாடியே எடுத்துடுங்களேன்," என்றாள் ஓபல்.

அங்கே ஒரு மௌனம் விழுந்தது. முப்பத்தெட்டு வருடக் கல்யாணத்தில் மட்டுமே விழக்கூடிய மௌனம் அது. ஓபல் அவர் முகத்தையும் அவள் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "ஓ" என்றாள். "எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் இருந்தார். அதைவிடுங்க. இதோ இந்த வேலியை ஒட்டி ஒரு சந்து போகுது பாருங்க, வங்கிக்குப் பின்னால. பால் லாரியே போகும்."

"அந்தக் கடைசியில?"

"நேரா வெளியே போயிடலாம்." பிறகு லோரெட்டாவைப் பார்த்து, "நீங்க பாடுவீங்களாம்மா?" என்று கேட்டாள்.

"பாட மாட்டேன். முன்னாடி சர்ச்சுல ஆர்கன் வாசிச்சிருக்கேன்."

ஓபலின் கையிலிருந்த பிரஷ்ஷிலிருந்து ஒரு துளி பெயிண்ட் அவள் செருப்பின்மேல் விழுந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. "ஆர்கனா?" என்றாள்.

சந்து நன்றாகத்தான் தொடங்கியது. பக்கக் கண்ணாடிகள் இரண்டையும் மடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வெண்டல் அங்குலம் அங்குலமாகப் போனார். ஒரு பக்கம் வங்கியின் செங்கல் சுவர். மறுபக்கம் ஊரின் தீயணைப்பு நிலையம். சந்தின் முடிவில் தெரு. பிக்கப் தெருவுக்குள் அழகாகத் திரும்பியது. டிரெய்லர் திரும்பவில்லை. மூலையில் ஒரு பழைய மரக்கம்பம் நட்டிருந்தது. அதன்மேல் விலாவைச் சாய்த்துக்கொண்டு, இனி ஓர் அடிகூட நகர மாட்டேன் என்பதுபோல் டிரெய்லர் நின்றுவிட்டது.

நின்ற இடம் தீயணைப்பு வண்டி வெளியே வரும் கதவுக்கு நேர் எதிரே.

பக்கத்து முடிவெட்டும் கடையிலிருந்து கடைக்காரர் எல்மர் வெளியே வந்தார். கையில் கத்தரிக்கோல். அவர்தான் அந்த ஊர்த் தீயணைப்புப் படைக்கும் தலைவர். பின்னாலேயே, கழுத்தில் துணி சுற்றிய வாடிக்கையாளர் ஒருவரும் பாதி வெட்டிய தலையோடு வந்து நின்றார்.

"ஐயா, மன்னிச்சுடுங்க," என்றார் வெண்டல். வியர்த்துக் கொட்டியது. "தீயணைப்பு வண்டியையே மறிச்சுட்டேன். நான் என்ன செய்வேன்?"

"அவசரமில்லை அண்ணே," என்றார் எல்மர். "தீப்பிடிச்சாத்தான் அவசரம்."

"கடைசியா எப்பப் பிடிச்சுது?" என்று கேட்டார் பாதித் தலைக்காரர்.

"உங்க மச்சான் கோழி வறுத்தப்ப."

"ஆமாமா. ஏழு வருஷமாச்சு."

எல்மர் டிரெய்லரை ஒரு சுற்றுப் பார்த்தார். கம்பத்தைத் தட்டிப் பார்த்தார். "இது சும்மா நிக்கிற கம்பம்தான். என் டிராக்டரைக் கொண்டுவந்து பிடுங்கிடுறேன். அப்புறம் நீங்க திரும்பவே வேண்டாம். எதிர்ல பாருங்க, பேஸ்பால் மைதானம். கேட் திறந்துதான் இருக்கு. உள்ளே போய் ஒரு பெரிய வட்டம் அடிச்சீங்கன்னா, அதே கேட் வழியா..."

"நேரா வெளியே?"

"நேரா வெளியே."

ஒரு வட்டம்! வெண்டலுக்கு இதுவரை யாரும் இத்தனை நல்ல யோசனை சொன்னதில்லை. கம்பம் போன பிறகு டிரெய்லரின் விலாவில் மூன்றடி நீளத்துக்குக் கோடு தெரிந்தது. அதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டு, கேட்டுக்குள் நுழைந்து, வட்டத்தைத் தொடங்கினார். கால்வட்டம் வரை பிரமாதமாகப் போனது.

பிறகு சக்கரங்கள் தம் பாட்டுக்குச் சுற்றின. வண்டி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. பசும்புல்லுக்கு அடியில் தரை களியாக இருந்தது. வெண்டல் கீழே குதித்தபோது பூட்ஸ் இரண்டும் 'சளக்' என்று உள்ளே போயின. மைதானத்துக் குழாய்கள் எல்லாம் திறந்துவிடப்பட்டு, தண்ணீர் ஆனந்தமாகப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. டிரெய்லர் மெல்ல, ஒரு வாத்து முட்டைமேல் உட்காருவதுபோல், அச்சு வரைக்கும் இறங்கி அமர்ந்தது.

எல்மர் டிராக்டரோடு உள்ளே வந்து சங்கிலியை மாட்டினார். டிராக்டர் ஒரு முறை உறுமியது, இரண்டு முறை இருமியது, அடங்கிவிட்டது.

"பம்ப் போச்சு," என்றார் எல்மர், மூடியைத் திறந்துகூடப் பார்க்காமல். "பார்ட்ஸ் லிங்கன்ல இருந்துதான் வரணும். செவ்வாய்க்கிழமை ஆயிடும்."

அன்று வியாழக்கிழமை.

லோரெட்டா டிரெய்லருக்குள் போனாள். படி ஏற வேண்டியிருக்கவில்லை. வாசல் தரையோடு தரையாக வந்திருந்தது. திரும்பி வரும்போது கையில் தோல்பை இருந்தது.

"பஸ் எத்தனை மணிக்கு?" என்று, அதற்குள் அங்கே வந்து சேர்ந்திருந்த லைலைக் கேட்டாள்.

லைல் தொப்பியைக் கழற்றினார். "அம்மா, இந்த ஊர்ல பஸ் நின்னு பதினோரு வருஷமாச்சு."

மற்றவர்கள் எல்லோரும் அந்த நேரம் பார்த்து டிராக்டரின் பக்கம் நகர்ந்துகொண்டார்கள். வெண்டல் சேற்றில் நின்றபடியே பெண்டாட்டியை நிமிர்ந்து பார்த்தார்.

"லோரி, ஒண்ணு சொல்றேன். எனக்குப் பின்னாடி எடுக்க வராது. பழகினா வந்துடும்னு நினைச்சேன். வராது."

"இதை இன்னிக்குத்தான் கண்டுபிடிச்சியா? எனக்கு எண்ணூறு மைலாத் தெரியும்."

"பின்ன ஏன் ஒண்ணும் சொல்லலை?"

"முன்னாடி போறப்ப உன் முகம் நல்லா இருந்துச்சு. அதைப் பார்த்துட்டுதான் பேசாம கூடவே வந்தேன்." அவள் தோல்பையை டிரெய்லரின் வாசலில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். "ஆனா வெண்டல், நான் களைச்சுட்டேன். எழுந்து பார்த்தா ஜன்னலுக்கு வெளியே தினம் ஒரு ஊர். ஒரு தக்காளிச் செடி வைக்க முடியலை. செவ்வாய்க்கிழமை இந்த வண்டி எழுந்திரிச்சதும் நான் கொலம்பஸ் போறேன். நீ எங்கே வேணும்னாலும் நேரா போ."

அவள் கத்தியிருந்தால் வெண்டல் பதிலுக்குக் கத்தியிருப்பார். அவள் சாதாரணமாகச் சொன்னாள். 

சாயங்காலத்துக்குள் ஊர் வந்துவிட்டது. ஒருத்தி கண்ணாடிப் பாத்திரத்தில் பாலாடைக்கட்டி போட்டு வேகவைத்த மக்ரோனி கொண்டுவந்தாள். இன்னொருத்தி உருளைக்கிழங்கு. பாதித் தலைக்காரர் முழுத் தலையும் வெட்டிக்கொண்டு வந்து, சேற்றின்மேல் நடக்கப் பலகைகள் போட்டுத் தந்தார். காபிக் கடை பெவ், ஒரு முழு செர்ரிப் பையைத் தூக்கிக்கொண்டு பலகைகள்மேல் கவனமாக நடந்து வந்தாள். யாரும் ஒரு கடுமையான சொல் சொல்லவில்லை. அதுதான் வெண்டலைக் குத்தியது. கம்பம் போச்சு, மைதானம் போச்சு, எல்மரின் டிராக்டர் போச்சு. இவர்களோ பை கொண்டுவருகிறார்கள்.

மறுநாள் காலை அவர் பொறுக்க முடியாமல் காபிக் கடைக்குப் போனார். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் ஒரு வாளி இருந்தது. சொட்டுச் சொட்டென்று அதில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு வருஷமா," என்றாள் பெவ். "எங்க ஊர் பிளம்பர் அரிசோனாவுக்குப் போயிட்டார். அடுத்த ஊர்க்காரன் வர்றேன் வர்றேன்னு சொல்வான். அந்த வாளி மூணாவது வாளி."

வெண்டலால் ஒழுகுகிற குழாயைப் பார்த்துக்கொண்டு காபி குடிக்க முடியாது. அது அவருடைய வியாதி. பிக்கப்பிலிருந்து கருவிப் பெட்டியைக் கொண்டுவந்து தரையில் படுத்தார். இருபது நிமிடத்தில் சொட்டு நின்றது. கடையில் இருந்த ஏழு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அந்த அமைதியைக் கேட்டார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு வங்கியின் கழிப்பறை. அதன்பின் பள்ளிக்கூடத்துக் கொதிகலன். சனிக்கிழமை சர்ச் சமையலறை. அங்கே போனபோது மேலே ஆர்கன் சத்தம் கேட்டது. குழாய்க்கு அடியில் படுத்தபடியே, "யாரு வாசிக்கிறது? கை பரவாயில்லையே!" என்று ஓபலைக் கேட்டார்.

"உங்க வீட்டம்மாதான்," என்றாள் ஓபல்.

லோரெட்டா பதினைந்து வருடமாக ஆர்கனைத் தொட்டதில்லை. வெண்டல் திருகுச்சாவியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். நடுவில் இரண்டு இடத்தில் தடுக்கியது. அவள் நிறுத்தி, திரும்ப எடுத்து, சரியாக வாசித்தாள். எத்தனை சுலபமாகப் பின்னால் போய் வருகிறாள் என்று அவருக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவள் வாசித்தாள். திங்கட்கிழமை காலை வெண்டல் எழுந்து பார்த்தபோது, டிரெய்லரின் வாசலை ஒட்டி இரண்டு காபி டப்பாக்களில் தக்காளி நாற்றுகள் இருந்தன. அவர் அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றினார். 

அன்று மத்தியானம் லைல் வந்தார். "சும்மா சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஓபலோட அக்கா வீடு காலியாக் கிடக்கு. பின்னால பெரிய தோட்டம். டிரெய்லரைப் பக்கத்துலயே நிறுத்திக்கலாம். நேரா உள்ளே போயிடலாம்."

"வெளியே?"

"வெளியே எடுக்கத்தான் வேண்டாமே."

வெண்டல் லோரெட்டாவைப் பார்த்தார். பஸ், கொலம்பஸ், நிலவறை என்று ஏதாவது வரும் என்று காத்திருந்தார்.

"தோட்டத்துல வெயில் எந்தப் பக்கம் விழும்?" என்று லைலைக் கேட்டாள் லோரெட்டா.

செவ்வாய்க்கிழமை லிங்கனிலிருந்து பார்ட்ஸ் வந்ததோ இல்லையோ, டிராக்டர் முதல் முயற்சியிலேயே கிளம்பிவிட்டது. எல்மர் டிரெய்லரைச் சேற்றிலிருந்து ஒரே இழுப்பில் இழுத்து, ஓபலின் அக்கா வீட்டுப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டார். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் லோரெட்டாவே கல் வைத்தாள்.

அடுத்த வாரம் ஒரு காலையில் வெண்டல் காபிக் கடையில் உட்கார்ந்திருந்தார். மனசு நிறைந்திருந்தது. ஒரு மூலையில் மட்டும் உறுத்தல்.

"பெவ்," என்றார். "நான் உங்க எல்லாருக்கும் கடன்பட்டவன். பத்து நிமிஷம்னு வந்து ஊரையே புரட்டிப் போட்டுட்டேன். இவ்வளவு தொந்தரவு கொடுத்த ஒருத்தனை எந்த ஊர் இப்படித் தாங்கும்?"

"நீங்க என்ன தொந்தரவு கொடுத்தீங்க, அரை நாள்ல முடிஞ்சுதே," என்றாள் பெவ், அவர் கோப்பையில் காபியை ஊற்றிக்கொண்டே. "பல் டாக்டரைப் பிடிக்கிறதுக்குத்தான் அந்த சர்ச் வேலியை ரெண்டு தடவை பிரிச்சுக் கட்டினோம்."